நீலம் விழுந்தால் பையன், சிவப்பு விழுந்தால் அம்மா: ஸ்டார் வார்ஸில் உண்மையில் யார் முடிவெடுக்கிறார்கள்?

கரைமேகம்:

ஒன்பது படங்களையும் கதை வரிசையில் மறுபடி பார்த்து முடித்தேன். எல்லோரும் பேசுகிற பெரிய காட்சிகளைத் தாண்டி, 1999-இல் வந்த படத்தின் ஒரு சின்னக் காட்சி முள்ளாகத் தைத்துவிட்டது. சில நாட்களாக அதையே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

பந்தய வண்டிகள் நிற்கும் கொட்டகை. ஃபோர்ஸ் என்ற சக்தியைக் கையாளும் ஜெடாய் வீரர் குவை-கான் ஜின், அடிமைகளை வைத்திருக்கும் பழைய சாமான் வியாபாரி வாட்டோவோடு பேரம் பேசுகிறார். வண்டியைப் பணயமாக வைத்து, அடிமைகளாக இருக்கும் அனகினையும் அவன் அம்மா ஷ்மியையும் கேட்கிறார். எந்த வண்டியும் இரண்டு அடிமைகளுக்கு ஈடாகாது என்கிறான் வாட்டோ. சரி, பையனையாவது என்று இவர் இறங்கி வர, அவன் ஒரு பகடையை எடுக்கிறான். நீலம் விழுந்தால் பையன், சிவப்பு விழுந்தால் அம்மா. பகடை உருள்கிறது. குவை-கானின் கை லேசாக அசைகிறது, தொடாமலே ஃபோர்ஸால் பகடையைத் தள்ளுகிறார். நீலம்.

படம் இதை ஒரு சாமர்த்தியம் போலக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. அடிமைகளின் முதலாளியை ஏமாற்றியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஒரு கை அசைவில் அவர் ஏமாற்றியது வாட்டோவை மட்டுமா? பையனா அம்மாவா என்பதை அவர்கள் இருவரிடமும் கேட்கவில்லை. விதி முடிவு செய்தது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். விதியைத் தள்ளிவிட்ட கை அவருடையது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு காட்சி அதே படத்தில் இருக்கிறது. பந்தயத்தில் ஜெயித்து அனகின் விடுதலையான பிறகு, இந்தப் பாதை உன் முன்னால் வந்திருக்கிறது, முடிவு உன்னுடையது மட்டும்தான் என்று ஷ்மி மகனிடம் சொல்கிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நின்றுவிடுவான். அது அவளுக்கும் தெரியும். தன்னிடம் இருந்த ஒரே சொந்தத்தை இழக்கப் போகிறவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

மொத்தக் கதையிலும், பின்னாளில் வேடர் என்ற கொடியவனாக மாறப்போகிற அனகினுக்கு உண்மையாகவே ஒரு தேர்வைக் கையில் கொடுத்தது யார் என்று யோசித்தால் எனக்கு அவள் முகம்தான் வருகிறது. ஜெடாய் சபை அறம் பேசுகிறது. பின்னாளில் சக்கரவர்த்தியாகும் பால்படீன் சுதந்திரம் பேசுகிறான். கொடுத்தவள் ஓர் அடிமைப் பெண். அப்படியானால் இந்தக் கதையில் அறம் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

நெடுவழி:

நண்பரே, பகடைக் காட்சியை இவ்வளவு கூர்ந்து பார்த்ததற்கு நன்றி. ஆனால் குவை-கான் மேல் கொஞ்சம் அதிகமாகவே பாரம் ஏற்றுகிறீர்கள். கப்பலின் ஹைப்பர்டிரைவ் உடைந்து கிடக்கிறது, கூட ஒரு ராணி, அவள் கிரகம் முற்றுகையில். குடியரசின் பணம் அங்கே செல்லாது. இருவரில் ஒருவரைத்தான் மீட்க முடியும் என்றால் ஒன்பது வயதுப் பிள்ளையை மீட்பது தப்பா? எந்தத் தாயைக் கேட்டாலும் பிள்ளையைத்தான் சொல்வாள்.

எனக்கு இன்னும் பெரிய கவலை வேறு. இப்படிப் பின்னோக்கிக் காரணம் தேடிக்கொண்டே போனால், கடைசியில் அனகின் செய்த எதுவும் அனகின் செய்ததில்லை என்று ஆகிவிடும். 2005 படத்தின் தொடக்கத்தில் எதிரித் தலைவன் டூக்குவின் இரண்டு கைகளும் வெட்டப்பட்டு, நிராயுதபாணியாக மண்டியிட்டிருக்கிறான். கொல் என்கிறான் பால்படீன். அனகின் தயங்குகிறான். நான் செய்யக்கூடாது என்கிறான். பிறகு செய்கிறான். செய்து முடித்ததும் இது ஜெடாய் வழி இல்லை என்று அவன் வாயாலேயே சொல்கிறான். தெரிந்தே செய்தவன். தயங்கினான் என்பதே அவனுக்கு வேறு வழி இருந்தது என்பதற்குச் சாட்சி.

அடிமையாக வளர்ந்ததைக் காரணமாகச் சொல்லலாம், சாக்காகச் சொல்லக் கூடாது. நீங்களே சொன்ன ஷ்மியும் அடிமைதான். மகனைவிட நீண்ட காலம் அடிமையாக இருந்தவள். அவள் யாரையும் வெட்டவில்லையே.

---

மழைத்துளி:

என் எட்டு வயது மகளோடு அந்த 1999 படத்தைப் பார்த்தேன். படம் முடிந்து எல்லோரும் கொண்டாடுகிறார்கள், வாத்தியம் முழங்குகிறது, இவள் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "இப்ப சண்டை முடிஞ்சுதே, இப்பவாவது போய் அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வரலாம்ல?" என்றாள்.

நெடுவழி சார், உங்கள் நியாயம் எல்லாம் அன்றைக்கு மட்டும்தான் செல்லும். அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தது. அந்த ராணி தப்பித்ததே அந்தப் பையன் ஜெயித்த பந்தயத்தால்தான். கோட்டை மாதிரி ஒரு ஆலயத்தில் ஆயிரக்கணக்கில் ஜெடாய்கள் இருந்தார்கள். கடைசியில் ஷ்மியை விலை கொடுத்து வாங்கி, விடுதலை செய்து, கல்யாணம் செய்துகொண்டது யார்? காற்றிலிருந்து ஈரப்பதம் பிடித்துப் பிழைக்கிற கிளீக் லார்ஸ் என்ற விவசாயி. அவருக்கு எந்தச் சக்தியும் கிடையாது.

என் மகளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

---

எட்டாம்கோள்:

இழை நல்ல இடத்துக்குப் போகிறது. ஆனால் ஜெடாய்கள் அறம் பேசும் தகுதியை இழந்த இடம் ஷ்மி இருந்த டாட்டூயின் கிரகம் இல்லை, கமினோ கிரகம் என்பது என் கட்சி.

2002 படத்தில் அனகினின் குரு ஓபி-வான் கமினோவுக்குப் போகிறார். கண்ணாடிக் குடுவைகளில் கருக்கள், வரிசை வரிசையாகப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே முகம். ஒரே மனிதனிலிருந்து நகலெடுத்த குளோன் படை. சுற்றிக் காட்டும் லாமா சூ ஒரு நல்ல வியாபாரியின் பெருமையோடு விளக்குகிறார்: சொன்ன சொல் தட்டமாட்டார்கள், எந்த ஆணையையும் கேள்வி கேட்காமல் செய்வார்கள், மூல மனிதனைவிடச் சுயபுத்தி குறைவாக இருக்கும்படி மரபணுவை மாற்றியிருக்கிறோம். இரண்டு லட்சம் தயார், இன்னும் பத்து லட்சம் வந்துகொண்டிருக்கிறது. வழக்கமாக ஆகும் காலத்தில் பாதியிலேயே வளர்ந்துவிடுவார்கள்.

ஓபி-வான் என்ன கேட்கிறார்? யார் ஆர்டர் கொடுத்தது, எப்போது கொடுத்தது. இவர்கள் யார் என்று கேட்கவில்லை. இவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியுமா என்று கேட்கவில்லை. அடுத்த சில நாட்களிலேயே ஜெடாய் சபையின் மூத்த குரு யோடா அதே படையைத் தலைமை தாங்கிக் கொண்டுவந்து இறங்குகிறார்.

அந்த மூல மனிதன் ஜாங்கோ ஃபெட் காசுக்குக் கொல்கிறவன். அவன் தன் கூலியில் ஒரு பகுதியாக மாற்றம் எதுவும் செய்யாத ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி மகனாக வளர்க்கிறான். மற்றவர்களிடமிருந்து எதைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் தன் பிள்ளையிடம் அதைத் தொடவிடவில்லை. கூலிக்கொலைகாரனுக்குப் புரிந்தது, இந்தப் பெரியவர்களுக்கு உறைக்கவில்லை.

அப்புறம் 2005, உடபாவ் கிரகம். சண்டைக்கு நடுவே ஓபி-வான் தவறவிட்ட லைட்சேபர் என்ற ஒளிவாளை குளோன் கமாண்டர் கோடி எடுத்து வைத்திருந்து மரியாதையோடு நீட்டுகிறான். இவர் சிரித்து வாங்கிக்கொண்டு போகிறார். சில நொடிகளில் ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் ஆணை 66 வருகிறது. அதே கோடி, பீரங்கியைத் திருப்பிச் சுடச் சொல்கிறான். முகத்தில் ஒரு சலனம் இல்லை. படம் முழுக்க எனக்குத் தூக்கிவாரிப்போட்ட இடம் அதுதான். துரோகம் என்று கோபப்படக்கூட முடியவில்லை. கேள்வி கேட்காத படை வேண்டும் என்று வாங்கினார்கள், அந்தப் படை கேள்வி கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

---

இரவுக்காவல்:

எட்டாம்கோள் சகோ, அருமை. ஆனால் இங்கே ஒரு சிக்கல். தி குளோன் வார்ஸ் என்ற அனிமேஷன் தொடரையும் கணக்கில் எடுத்தால் உங்கள் வாதம் பாதி மாறிவிடும். 2014-இல் வந்த ஆறாவது பருவத்தில் ஒவ்வொரு குளோனின் தலைக்குள்ளும் ஒரு சில்லு இருப்பதை ஃபைவ்ஸ் என்ற வீரன் கண்டுபிடிக்கிறான். சொல்லிப் பார்க்கிறான், யாரும் நம்பவில்லை, சொந்தச் சகோதரன் ஒருவனே சுட்டுவிடுகிறான். ஆக, கோடி சுட்டது அவன் விருப்பத்தில் அல்ல, சில்லு சுட வைத்தது.

2005 படத்தில் சில்லு என்ற பேச்சே கிடையாது. அதனால் ரசிகர்கள் நடுவே இது தீராத வழக்கு. சில்லு வந்ததால் குளோன்களின் குற்றம் கழுவப்பட்டது என்று ஒரு தரப்பு. கதையின் கூர்மை மழுங்கிவிட்டது என்று இன்னொரு தரப்பு. நான் ரொம்ப நாள் இரண்டாம் தரப்பில் இருந்தேன். சில்லு இல்லாத கோடிதான் பயங்கரம், ஏனென்றால் அவன் நம்மைப் போல, ஆணை என்றால் ஆணை என்று போகிற மனிதன்.

என் மனதை மாற்றியது 2020-இல் வந்த கடைசிப் பருவம். ஆணை 66 ரெக்ஸ் என்ற குளோன் வீரனுக்கு வருகிறது. முன்னால் அனகினின் சீடராக இருந்த அஸோகா நிற்கிறாள். இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்துவிட்டான். கை நடுங்குகிறது. கண்ணிலிருந்து நீர் வழிகிறது. சுடுவதற்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைவ்ஸ் என்ற பெயரைச் சொல்லி, கண்டுபிடி என்கிறான். சில்லு அவன் கையைப் பிடித்திருக்கிறது, அவனை முழுசாகப் பிடிக்கவில்லை. அந்த ஒரு பெயரைச் சொல்லும் அளவுக்கு மட்டும் இடம் மிச்சம் இருக்கிறது, அந்த இடத்தை அவன் பயன்படுத்திவிட்டான். சுய விருப்பம் என்பது இருக்கிறதா இல்லையா என்று ஒரே வெட்டாகப் பேசுகிறோமே, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்பதுதான் சரியோ என்று அன்றைக்குத் தோன்றியது.

நாலாவது பருவத்தின் உம்பாரா கதையையும் பார்க்காதவர்கள் பாருங்கள். க்ரெல் என்ற ஜெடாய் தளபதி குளோன்களை எண் சொல்லித்தான் கூப்பிடுகிறான். பேச்சைக் கேட்காத இருவரைச் சுட்டுக்கொல்லும்படி அவர்கள் சகோதரர்களையே நிறுத்துகிறார்கள். துப்பாக்கிகள் வெடிக்கின்றன, ஒரு குண்டுகூட அவர்கள் மேல் படவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேண்டுமென்றே குறி தவறியிருக்கிறார்கள். சுயபுத்தியைக் குறைத்துச் செய்தோம் என்று லாமா சூ பெருமைப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

---

கரைமேகம்:

இரவுக்காவல், நீங்கள் சில்லு என்றதும் எனக்கு ஒன்று தட்டியது. 1999 படத்தில் சாப்பாட்டு மேசையில் ஷ்மி சொல்கிறாள், எல்லா அடிமைகளின் உடம்புக்குள்ளும் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள் என்று. தப்பி ஓடப் பார்த்தால் வெடிக்க வைத்துவிடுவார்கள் என்று அனகின் முடிக்கிறான். அதே மேசையில்தான், எல்லா அடிமைகளையும் விடுதலை செய்வதாகக் கனவு கண்டேன், எங்களை விடுவிக்க வந்தீர்களா என்று அவன் குவை-கானைக் கேட்கிறான். இல்லை என்கிறார் அவர்.

உடம்புக்குள் கருவி வைத்த பிள்ளையாகத் தொடங்கியவன், தலைக்குள் கருவி வைத்த சகோதரர்களை நடத்திக்கொண்டு ஜெடாய் ஆலயத்துக்குள் போகிறான். உள்ளே இருந்த பிஞ்சுகளைக் கொல்கிறான். எழுதவே கை வரவில்லை.

நெடுவழி, நீங்கள் சொன்னதை யோசித்தேன். ஷ்மியும் அடிமைதான் என்றது சரியான அடி. டூக்குவைக் கொன்றது அவன்தான், அம்மாவைக் கடத்திய டஸ்கன் கூட்டத்தின் பெண்களையும் பிள்ளைகளையும் வெட்டியதும் அவன்தான், அந்தப் பொறுப்பை ஒரு பகடை மேல் நான் ஏற்றவில்லை. குற்றம் அவனுடையது என்பதாலேயே அவனுக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் சுத்தமாகிவிட மாட்டார்கள், அதுதான் நான் சொல்ல வருவது.

---

சிறுபொறி:

யாரும் தொடாத ஒன்று. 2002 படத்தில் மதுக்கூடத்தில் ஓபி-வான் உட்கார்ந்திருக்கிறார், ஒருத்தன் வந்து போதைக்குச்சி வேண்டுமா என்கிறான். இவர் கையை லேசாக அசைத்து, உனக்கு இதை விற்க விருப்பமில்லை, வீட்டுக்குப் போய் வாழ்க்கையைப் பற்றி யோசிக்க விரும்புகிறாய் என்கிறார். அவனும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே திருப்பிச் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். அரங்கமே சிரிக்கும்.

நான் சிரிக்க முடியாமல் இருந்தேன். போதை விற்கிறவன் திருந்துவது நல்லதுதான். ஆனால் அங்கே திருந்தியது யார்? அவன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தானா, அல்லது ஓபி-வானின் முடிவு அவன் வாயால் பேசியதா? நாளைக்கு அவன் நல்ல மனிதனாக வாழ்ந்தால் அந்தப் புண்ணியம் யார் கணக்கில்?

என் வீட்டில் ஒருவர் குடியிலிருந்து மீண்டு வந்தார். அந்த ஒவ்வொரு நாளையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எத்தனையோ இரவு, யாராவது கையை அசைத்து இவரை மாற்றிவிடக் கூடாதா என்று அழுதிருக்கிறேன். அப்படி ஒரு சக்தி கையில் இருந்திருந்தால் நிச்சயம் பயன்படுத்தியிருப்பேன், அதை மறைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அவர் குடிக்காமல் இருக்கிற ஒவ்வொரு மாலையும் அவருடையது. அதை அவரிடமிருந்து எடுத்திருப்பேனே என்று நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

பால்படீன் அனகினிடம் அந்தக் கை அசைவைச் செய்யவே இல்லை, கவனித்தீர்களா? வருஷக்கணக்காகப் பேசித்தான் கரைத்தான். பொய் சொன்னான், ஆசை காட்டினான், காது கொடுத்துக் கேட்டான். சபையில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

---

தனிச்சுடர்:

சிறுபொறி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

நான் டிராய்டுகள் என்ற இயந்திரங்களைப் பற்றிச் சொல்கிறேன். மனிதர்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்று இவ்வளவு பேசுகிற கதை, சீ-த்ரீபிஓ என்ற டிராய்டின் நினைவை ஒரு வாக்கியத்தில் அழித்துவிடுகிறது. 2005 படத்தின் கடைசியில் அனகினின் இரட்டைக் குழந்தைகள் லூக்கையும் லேயாவையும் எங்கே வளர்ப்பது என்று பெரியவர்கள் கனிவோடு பேசி முடிக்கிறார்கள். அடுத்து, அந்த மொழிபெயர்ப்பு டிராய்டின் நினைவைத் துடைத்துவிடு என்று பெயில் ஆர்கானா போகிற போக்கில் சொல்கிறார். அவர் இந்தக் கதையின் மிக நல்ல மனிதர்களில் ஒருவர். த்ரீபிஓ திடுக்கிட்டு ஐயோ என்பதோடு காட்சி முடிகிறது. அவனைச் செய்தது அனகின், சின்னப் பிள்ளையாக, அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று. ஷ்மியை அறிந்த ஒரு மனசு அத்தோடு காலி.

ஆர்டூ என்ற இன்னொரு டிராய்டின் கதை வேறு. 1977 படத்தில் அவன் உடம்பில் ஓடாமல் தடுக்கும் ஒரு தாழ் மாட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றினால் லேயாவின் செய்தியை முழுசாகக் காட்டுவேன் என்பதுபோல லூக்கை நம்ப வைக்கிறான். லூக் கழற்றுகிறான். செய்தி மறைந்துவிடுகிறது. அன்று மாலையே ஆர்டூ ஓடிவிடுகிறான். லேயா சொன்ன வேலையைத்தான் செய்கிறான், சரி. ஆனால் பொய் சொல்லலாம், இவனை நம்பலாமா கூடாதா என்று எடைபோட்டது யார்? முதல் படத்தில், உடம்பில் பூட்டிய தாழைத் தந்திரமாகக் கழற்றிக்கொண்டு சொந்தக் காரியத்துக்குப் போகிற முதல் ஆள் ஒரு டிராய்டு.

---

நெடுவழி:

மழைத்துளி, உங்கள் மகள் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. பத்து வருஷம் என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அந்த மட்டில் ஒப்புக்கொள்கிறேன்.

இதைப் பற்றி யோசித்தபடியே 2005 படத்தை நேற்று மறுபடி போட்டேன். டூக்கு இறந்ததும் பால்படீன் அனகினைச் சமாதானம் செய்கிறான், உயிரோடு விடுவதற்கு அவன் மிக ஆபத்தானவன் என்று. பிறகு பால்படீன் ஜெடாய் சபையின் மேஸ் விண்டுவின் வாளுக்குக் கீழே கிடக்கிறான். அவன் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று அனகின் கெஞ்சுகிறான். விண்டு சொல்லும் பதில் ஏறக்குறைய அதே வாக்கியம். இவனை உயிரோடு விடுவது மிக ஆபத்து. ஒரே வாக்கியம் இருளின் வாயிலிருந்தும் ஒளியின் வாயிலிருந்தும் வருகிறது, நடுவில் நிற்பவன் இரண்டையும் கேட்டவன். பால்படீன் விஷயத்தில் விண்டு சொன்னது உண்மைதான், அவன் நிஜமாகவே ஆபத்து. ஆனால் அந்த நொடியில் சட்டம் பேசியது அனகின். அவனும் சட்டத்துக்காக மட்டும் பேசவில்லை, மனைவியைக் காப்பாற்ற பால்படீன் தேவை என்பதற்காகவும் பேசினான் என்பதை மறக்கக் கூடாது.

அதற்கு முன்பே சபை அவனிடம் பால்படீனை வேவு பார்க்கச் சொல்லியிருந்தது. பதிவேட்டில் ஏறக்கூடாத வேலை என்று ஓபி-வானே சங்கடப்பட்டுச் சொல்கிறார். எழுதி வைக்க முடியாத ஆணையைக் கொடுத்த சபை, மறுநாள் எந்த முகத்தோடு நெறி பேசும்?

அனகினை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கரைமேகம் சொன்ன இரண்டாவது பாதியை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

---

எட்டாம்கோள்:

ஃபோர்ஸுக்குச் சமநிலை கொண்டுவருபவன் அனகின்தான் என்ற தீர்க்கதரிசனம் பற்றிச் சுருக்கமாக. எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்றால் இந்த இழையே வேண்டாம். ஆனால் கதை அப்படிச் சொல்லவில்லை. 1980 படத்தில் நண்பர்கள் இறந்துவிடுவார்களா என்று லூக் கேட்டால், எதிர்காலம் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கிறது என்கிறார் யோடா. 2005-இல் தீர்க்கதரிசனத்தைத் தப்பாகப் படித்திருக்கலாம் என்று சொல்வதும் அவர்தான். அனகின் கனவில் மனைவி பத்மே சாவதைக் காண்கிறான், அதைத் தடுக்க ஓடிய ஓட்டத்தில்தான் அவள் சாகிறாள். ஊழ் என்று நாம் சொல்வது வெளியே இருந்து வந்து அடிக்கவில்லை, அவனுடைய பயம்தான் அதைக் கட்டி முடித்தது.

என்னை உறுத்துவது ஃபின் என்ற சிப்பாய்தான். 2015 படத்தில் ஜாக்கூ கிராமத்தில், சாகிற தோழனின் ரத்தக்கை அவன் தலைக்கவசத்தில் மூன்று கோடுகளை இழுக்கிறது. ஊராரைச் சுடு என்ற ஆணை வருகிறது. அவன் துப்பாக்கி உயரவில்லை. பெயர்கூட இல்லாமல், FN என்ற இரண்டு எழுத்தும் நான்கு எண்ணுமாக வளர்க்கப்பட்டவன். கும்பகருணனா வீடணனா என்ற பழைய வழக்கில் செஞ்சோற்றுக்கடனுக்கு எப்போதும் ஆள் உண்டு, ஆனால் குழந்தையாகத் திருடி வந்து ஊட்டிய சோற்றுக்கு என்ன கடன்?

2019 படத்தில் அவனைப் போலவே ஆயுதத்தைக் கீழே போட்ட ஜானாவையும் அவள் கூட்டத்தையும் சந்திக்கிறான். ஏன் போட்டோம் என்று தெரியாது, ஓர் உணர்வு என்கிறாள். அது ஃபோர்ஸ் என்கிறான் ஃபின். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோர்ஸ்தான் அவன் கையைத் தடுத்தது என்றால் ஜாக்கூவில் நின்றவன் யார்? அந்தப் பெருமையை அவனிடமே விட்டிருக்கலாம்.

---

மழைத்துளி:

மகளோடு 1983 படத்தை நேற்று பார்த்தோம். இந்த இழையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்ததால் எனக்கு வேறு படமாகத் தெரிந்தது.

பெற்ற தகப்பனைக் கொல்ல முடியாது என்கிறான் லூக். அப்படியானால் சக்கரவர்த்தி ஏற்கெனவே ஜெயித்துவிட்டான் என்கிறார் ஓபி-வான். உன் தகப்பனை வேடர் கொன்றுவிட்டான் என்று 1977-இல் சொன்ன அதே ஓபி-வான். அதைக் கேட்டால், நாம் பிடித்துத் தொங்குகிற உண்மைகள் நாம் நிற்கிற இடத்தைப் பொறுத்தவை என்கிறார். தகப்பன் யார் என்பதைக்கூட மறைத்துவிட்டு அவனைக் கொல்லச் சொல்வது, கத்தியைக் கையில் கொடுத்துக் கண்ணைக் கட்டுவது மாதிரி இல்லையா?

அந்தப் பக்கம் சக்கரவர்த்தியும் அதையேதான் கேட்கிறான், தகப்பனை வெட்டிப் போட்டுவிட்டு அவன் இடத்துக்கு வா என்று. நெடுவழி சொன்னாரே, ஒரே வாக்கியம் இரண்டு வாயிலிருந்தும் என்று. இங்கேயும் அதேதான்.

லூக் கோபத்தில் வெட்டத்தான் செய்கிறான். தங்கையைப் பற்றி வேடர் பேசியதும் வெறிகொண்டு அடித்து, அவன் கையையே துண்டாக்குகிறான். வெட்டுப்பட்ட இடத்தில் கம்பிகள். தன் கையைப் பார்க்கிறான், அதுவும் இயந்திரக் கை, கறுப்பு உறை போட்டது. அந்தக் கையை மடக்கி விரிக்கிறான். பிறகு வாளைத் தூக்கி எறிகிறான்.

என் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அவன் இப்ப செத்துடுவானே" என்றாள். ஆமாம், சாகத் தயாராகத்தான் எறிகிறான். சக்கரவர்த்தியின் மின்னல் விழும்போது அப்பா என்று கூப்பிடுகிறான், உதவி கேட்கிறான். கட்டளை இடவில்லை, கையை அசைத்து மனசை மாற்றவில்லை. முடிவை அவனிடமே விட்டுவிட்டுத் தரையில் துடிக்கிறான்.

கரைமேகம், ஷ்மி செய்தது இதைத்தானே? பாட்டியும் பேரனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அனகினிடம் முடிவை விட்டுக் கொடுத்தவர்கள் இந்த இரண்டு பேர்தான், இரண்டு பேரும் தங்களிடம் இருந்த எல்லாவற்றையும் வைத்து அதைக் கொடுத்தார்கள்.

---

நெடுவழி:

தோழி, இதற்கு மேல் யாரும் அழகாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். ஆல்டரான் என்று லேயா வளர்ந்த ஒரு கிரகம் இருந்தது. அது வெடிப்பதை லேயா பார்க்கும்படி அவளைப் பிடித்து நிறுத்தியவன் வேடர். சிறையில் ஊசிகளோடு அவளிடம் போனவனும் அவன். லூக் மன்னிக்கிறான், அவன் மகன், சரி. லேயாவும் அவன் மகள்தான். அவளிடம் படம் எதுவும் கேட்கவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒருவன் சரியான முடிவெடுத்தால் அது அவன் முடிவு. அதற்கு முன் எடுத்ததும் அவன் முடிவுகள்தான். ஒன்று மற்றதை அழித்துவிடாது.

---

தனிச்சுடர்:

லேயாவைப் பற்றிச் சொன்னது முக்கியம். மன்னிக்காமல் இருப்பதும் அவளுடைய உரிமை. அதைத் தட்டிக் கேட்கும் தகுதி லூக்குக்குக்கூட இல்லை.

---

கரைமேகம்:

நெடுவழி, ஒரு எழுத்து விடாமல் ஒப்புக்கொள்கிறேன்.

மழைத்துளி, நான் ஷ்மியிடம் தொடங்கினேன், லூக்கிடம் போய்ச் சேருவேன் என்று நினைக்கவில்லை. அடுத்த முறை மகளோடு பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2011-இல் வந்த ப்ளூ-ரேயில் அந்தக் காட்சியில் வேடர் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதுபோல ஒலி சேர்த்திருக்கிறார்கள். முடிந்தால் பழைய வடிவம் கிடைக்கிறதா பாருங்கள். 1983-இல் திரையரங்குக்கு வந்தபோது அவன் எதுவும் பேசவில்லை. மின்னலின் சத்தமும் லூக்கின் அலறலும் மட்டும்தான். அந்தக் கறுப்புத் தலை சக்கரவர்த்தியைப் பார்க்கிறது, கீழே கிடக்கும் பிள்ளையைப் பார்க்கிறது, மறுபடி சக்கரவர்த்தியைப் பார்க்கிறது. முகமூடி மாறவில்லை, மாறவும் முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்ட ஒரு கண்கூட இல்லை. பிறகு கைகள் நீள்கின்றன.